ஒன்பதாம் நம்பர் மலைக்குப் பத்து வீதம்

மருதாயி ரப்பர் மரங்களோடு பேசுகிறாள் என்று தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கில் ஒரு பேச்சு உண்டு. கீழ்க்கணக்கு ஜனம் எதையும் அரைகுறையாகத்தான் கேட்கும். அவள் பேசுவதில்லை, சண்டை பிடிக்கிறாள். விடிகிற நேரத்தில் பால்வெட்டுக் கத்தியோடு ஒன்பதாம் நம்பர் மலையில் ஏறுவாள். ஒவ்வொரு மரமாக நின்று, பட்டையில் சரிவாக ஒரு கோடு இழுத்து, சிரட்டையைத் துடைத்து மாட்டி, மரத்தைப் பார்த்து ஒரு வார்த்தை வைத்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவாள்.

"முந்தாநாளு முக்காச் சிரட்டைதான் குடுத்தே. மிச்சத்தை யாருக்கு ஒளிச்சு வச்சிருக்கே?"

மரம் பதில் சொல்லாது. அவள் இருக்கும் மேற்கணக்கு லயத்து வரிசை வீடுகளின் மனிதர்களுக்கும் மரத்துக்கும் அது ஒன்றுதான் வித்தியாசமாக இருந்தது. அந்த மனிதர்களும் போன பிறகு அந்த வித்தியாசமும் இல்லை.

மலையில் இருநூற்று எண்பது மரங்கள். தோட்டத்து நிர்வாகம் ஒவ்வொன்றுக்கும் வெள்ளைப் பெயின்டில் நம்பர் போட்டிருந்தது. நம்பர் மருதாயிக்கு மனதில் நிற்காது. எனவே லயத்தில் ஒரு குடும்பம் போய் அதன் ஒற்றையறைக் காம்பரா பூட்டப்பட்டால் மலையில் ஒரு மரத்துக்குப் பேர் வந்துவிடும். ராசாத்தி குடும்பம் கொழும்புக்குப் போனது. ஓடைக்கரையில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கிற நாலு மரங்களுக்கு அந்தக் குடும்பத்துப் பேர்கள். சின்னத்தம்பி வேலை செய்த காலத்தில் பாலில் தண்ணீர் கலந்து, நிறுக்கிற இடத்தில் கையும் களவுமாகப் பிடிபட்டவன். அவன் கட்டாருக்குப் போனதும், தண்ணீராட்டம் பால் வடிக்கிற மரம் ஒன்று அவன் பேரை வாங்கிக்கொண்டது. செல்லையா அவள் புருஷன். இறந்து ஆறு வருஷம். அவர் பேர் வைத்த மரம் ரோட்டுப் பக்கம் சாய்ந்து நிற்கும். செல்லையாவும் சம்பள நாளில் அப்படித்தான் நிற்பார். கடைவீதியில் கடை வைத்திருக்கும் கபூர் நானா எங்கும் போகவில்லை, கல்லாப்பெட்டியை விட்டு எழுந்ததுகூட இல்லை. ஆனாலும் சொட்டுச் சொட்டாக எண்ணிக் கொடுக்கிற மரத்துக்கு வேறு பேர் பொருந்தவில்லை.

மலை உச்சியில் கடைசி மரம் தர்மிளா. அது மகள். கட்டுநாயக்காவில் தைக்கிற கம்பெனி ஒன்றில் வேலை. மேற்கணக்கு முழுவதிலும் அந்த மரத்தடியில் மட்டும்தான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும் என்பதால் மகளோடு பேச அங்கேதான் போய் நிற்க வேண்டும். சிக்னல் மேட்டில் இருக்கிறது, மரத்தில் இல்லை என்று கீழ்க்கணக்கில் யாரோ விளக்கப் பார்த்தார்கள். மருதாயி கேட்டுக்கொண்டாள். ஒப்புக்கொள்ளவில்லை.

லயத்தில் பன்னிரண்டு காம்பராக்கள். ஒரு கோடியில் மருதாயி. மறு கோடியில் பால் நிறுக்கிற கன்னையாவும் மனைவியும். நடுவில் பத்துப் பூட்டுகள். கன்னையா வீட்டில் ஏழு மணிக்கே கதவைச் சாத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு மருதாயி பாத்திரத்தைச் சற்று ஓங்கி வைத்துக் கழுவுவாள். யாராவது "என்ன சத்தம்?" என்று கேட்கட்டும் என்றுதான். பூட்டுகள் கேட்காது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த நாளில்தான் புதிய வெளிக்கள உத்தியோகத்தராக அஜந்தன் வந்தான். படித்த பையன், மரியாதை தெரிந்தவன், சட்டைப்பையில் நாலு பேனை. அந்த வருஷத்து முதல் பெரட்டில், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்தில், எல்லாரையும் நிறுத்தி வைத்து விஷயத்தைச் சொன்னான்.

"இந்த வருஷம் ஒவ்வொரு மலையும் போன வருஷத்தவிட பத்து வீதம், நூறுக்குப் பத்து, கூடப் பால் குடுக்கணும். மேல இருந்து வந்த ஓடர்."

"அடுத்த வருஷம்ங்கய்யா?" என்றாள் மருதாயி. அவளுக்கு எதையும் நுனிவரை கேட்டாக வேண்டும்.

"இந்த வருஷத்தவிட பத்து வீதம் கூட."

"அதுக்கு அடுத்த வருஷம்?"

"அதவிடப் பத்து. அதுக்குப் பேர்தாம்மா வளர்ச்சி."

"மரத்துக்கு இதை யாராச்சும் சொல்லியாச்சுங்களா?" என்றார் கன்னையா. பெரட்டுக்களம் சிரித்தது. அஜந்தனும் சிரித்தான். பிறகு சிரிப்பைத் துடைத்துவிட்டு மிச்சத்தைச் சொன்னான். பத்து வீதம் ஏறாத மலையை வைத்திருக்கப் போவதில்லை. மரத்தை வெட்டிப் பலகைக்குக் கொடுத்துவிட்டு வேறு பயிர் போடுவார்கள்.

மருதாயியின் சிரிப்பு அப்போதுதான் நின்றது. ஒன்பதாம் நம்பர் மலையை ஒழுங்காக வெட்டினால் இன்னும் பத்து வருஷம் பால் வரும். பத்து வருஷம் அவளுக்குப் போதும். அதற்குள் ஒன்று தர்மிளாவுக்குக் கல்யாணம் ஆகிவிடும், அல்லது மருதாயியே கண்ணை மூடிவிடுவாள். மலை போய்விட்டால்? செல்லையா, ராசாத்தி, சின்னத்தம்பி என்று ஊரே இரண்டாம் தடவையாகக் கிளம்பிப் போய்விடும். இந்தத் தடவை போகிறவர்கள் கொழும்புக்கோ கட்டாருக்கோ போக மாட்டார்கள்.

வழியையும் அஜந்தனே கொடுத்தான். டின்னில் மஞ்சள் நிறத்தில் ஒரு மருந்து, கூட ஒரு தூரிகை. வெட்டுக் கோட்டுக்குக் கீழே பட்டையில் பூசினால் பால் கூடுதலாக வடியும்.

"மாசத்துக்கு ஒருக்காதான். கூடப் பூசினா மரம் காஞ்சிரும். விளங்குதா?"

"விளங்குதுங்கய்யா" என்றார்கள் எல்லாரும். விளங்காமல் என்ன? விளங்குவதற்கும் செய்வதற்கும் நடுவில்தான் வைகாசி மாதம் வந்தது.

அந்த வைகாசி முழுக்க மழை. எஹலியகொடப் பக்கத்து மழையைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழையில் பால் வெட்ட முடியாது. சிரட்டையில் தண்ணீர்தான் நிறையும். பதினெட்டு வெட்டு நாள் வீணாகப் போயிற்று. பத்து வீதம் ஏறுவது இருக்கட்டும், மலை போன வருஷத்து அளவுக்கே வரவில்லை. அந்த மழைக்குள் வேலையை விட்டுப் போன கீழ்க்கணக்கு ஆட்களின் மருந்து டின்கள் பால் கொட்டிலின் மூலையில் கிடந்தன. மருதாயி ஒரு நாள் அதில் ஒன்றைக் கூடையில் போட்டுக்கொண்டாள். மாசத்துக்கு ஒரு தரம் என்பது இரண்டாயிற்று. புரட்டாதி வந்தபோது வாரத்துக்கு ஒன்றாயிற்று.

"கொஞ்ச நாளைக்குத்தான், பொறுத்துக்க" என்று செல்லையாவிடம் சொன்னாள். சம்பள நாளில் செல்லையா அவளிடம் சொல்லிப் பழகிய அதே வசனம்.

மரங்கள் பொறுத்துக்கொண்டன. பால் என்றால் அப்படியொரு பால். சிரட்டை வழிந்து பட்டையில் ஓடி, வேரடி வெள்ளையாகக் கிடந்தது. கபூர் நானாகூடச் சிரட்டையை நிரப்பினார். அதைப் பார்த்தபோதாவது அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவும் செய்தது. எப்படித் தெரியுமென்றால், ஒவ்வொரு தடவையும் உச்சிக்குப் போய்த் தர்மிளா மரத்தின் முன்னால் தூரிகையை உயர்த்துவாள், பிறகு தாழ்த்திவிடுவாள்.

"உனக்கு வேணாம்டி."

ஒரு மரத்தால் கணக்குக் குறைந்துவிடாது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மருந்து நல்லதென்றால் சமாதானம் எதற்கு என்று கேட்க லயத்தில் ஆள் இல்லை.

வருஷ முடிவில் ஒன்பதாம் நம்பர் மலைதான் தோட்டத்திலேயே முதலாவது. பெரட்டுக்களத்தில் கொட்டகை போட்டு, மைக் வைத்து, தொரை கையால் மருதாயிக்குப் பரிசு கொடுத்தார்கள். மின்சாரத்தில் சோறு ஆக்குகிற குக்கர். ஒரே தடவையில் பத்துப் பேருக்கு ஆக்கலாமாம். படம் எடுக்கும்போது சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தாள். ஒற்றை ஆள் பத்துப் பேர் குக்கரைத் தூக்கிக்கொண்டு மலையேறுவதைக் கீழ்க்கணக்கு முழுவதும் வாசலில் நின்று பார்த்தது. பொறாமைப்படலாமா பரிதாபப்படலாமா என்று யாருக்கும் சட்டென்று பிடிபடவில்லை. லயத்து வயரில் அந்தக் குக்கரைப் போட்டால் பன்னிரண்டு காம்பராவுக்கும் கரண்ட் போய்விடும் என்று கன்னையா சொன்னதால் அது பெட்டி பிரிக்கப்படாமலே கட்டிலுக்கு அடியில் போயிற்று.

அடுத்த பெரட்டில் அஜந்தன் புதிய கணக்கை வாசித்தான். ஒன்பதாம் நம்பர் மலைக்கு, பரிசு வாங்கிய அளவுக்கு மேலே பத்து வீதம்.

"ஐயா, போன வருஷம் குடுத்தது கூடுதலுங்க. அதுக்கு மேலயா?"

"குடுத்ததுதானேம்மா? அப்ப குடுக்க முடியும்னுதானே அர்த்தம்."

அவனுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அவளால் என்ன சொல்ல முடியும்? வாரத்துக்கு ஒரு தரம் பூசினேன் என்றா?

முதலில் காய்ந்தது கபூர் நானா. அவர் தராததில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை என்று மருதாயியும் விட்டுவிட்டாள். பிறகு ராசாத்தி வீட்டு நாலு பேரும் ஒரே கிழமையில் நின்றார்கள். கத்தி போட்டால் கோட்டில் பழுப்பாக ஒரு கசிவு, இரண்டு முத்துப் பால், அவ்வளவுதான். பட்டை செதில் செதிலாக வெடித்தது. பிறகு சின்னத்தம்பி. பிறகு செல்லையா. செல்லையா மரத்தில் கோடு இழுத்துவிட்டு அவள் அரை மணி நேரம் காத்திருந்தாள். சிரட்டை காய்ந்தே கிடந்தது. அன்றைக்கு அவள் திட்டவில்லை. மலையில் அவள் குரல் கேட்காததைக் கன்னையாவின் மனைவி கீழ்க்கணக்கில் போய்ச் சொன்னாள். அங்கே இரண்டு நாள் அதுதான் பேச்சு.

மாசி முடிவதற்குள் இருநூற்று எழுபத்தொன்பது மரங்களும் நின்றுவிட்டன. மருதாயி மருந்தை நிறுத்தி, டின்னை ஓடைக்கரையில் புதைத்துவிட்டு அஜந்தனிடம் போனாள்.

"ஐயா, மரத்தை ஒரு வருஷம் சும்மா விடுவோங்க. கத்தி போடாம. திரும்பப் பால் வருமுங்க. எங்கப்பா காலத்துல அப்படித்தான் விடுவாங்க."

"சும்மா விடுறதுக்கு ரிப்போர்ட்ல எடம் இல்லம்மா" என்றான் அவன். கேலியாகச் சொல்லவில்லை. நாலு பேனைகளில் ஒன்றை எடுத்து அந்தத் தாளைத் திறந்து காட்டவும் செய்தான். ஏற்றம், இறக்கம், அகற்றல் என்று மூன்று கட்டம் இருந்தது. நாலாவது இல்லை.

மறுநாள் மலையைப் பார்க்க வந்தான். மரம் மரமாகக் கத்தியால் கீறிப் பார்த்துக்கொண்டே ஏறினான். உச்சியில் தர்மிளா மரத்தில் கீறியதும் பால் பொங்கி அவன் சட்டைக் கையை நனைத்தது.

"இது மட்டும் எப்படிம்மா?"

மருதாயி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அதுக்கு நான் பூசலைங்கய்யா. மத்ததுக்கெல்லாம் வாரா வாரம் பூசினேன். நீங்க குடுத்த டின் இல்ல, போனவங்க டின். நான்தான் காய வச்சேன்."

சொல்லிவிட்டு நின்றாள். வேலை போகும், பேர் கெடும், பெரட்டில் நிறுத்திக் கேட்பார்கள் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் நின்றாள். உண்மையைச் சொன்னால், அதற்கு ஏங்கிக்கொண்டே நின்றாள். யாரிடமாவது நாலு திட்டு வாங்கி எவ்வளவு காலம்!

அஜந்தன் கையைத் துடைத்துக்கொண்டான். "எல்லா மலையிலயும் இதுதாம்மா நடந்திருக்கு" என்றான் மெல்லிய குரலில். "உங்க பேரை நான் எழுதப்போறதில்ல. அதிக மழைன்னு எழுதுறேன். பயப்படாம போங்க."

"எழுதுங்கய்யா. நான் செஞ்சதுதானே."

"எழுதினா மருந்தை வாங்கிக் குடுத்த மேலிடத்து ஆளுங்க பேரும் வருமே. சரி, விடுங்கம்மா." தாளில் மூன்றாவது கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டான்.

திட்டக்கூட ஆள் இல்லாமல் போயிற்று.

சித்திரை கழிந்து மரம் வெட்டுகிறவர்கள் டவுனிலிருந்து வந்தார்கள். மெஷின்காரன் சிங்களப் பையன், காதில் பஞ்சு. மருதாயி முதல் மரத்தருகில் போய், "இது ராசாத்தி" என்றாள். அவனுக்குத் தமிழ் தெரியாது. தெரிந்திருந்தாலும் பஞ்சு இருந்தது. "அம்மே, டிக்கக் அயின் வென்ன" என்று கையால் ஒதுங்கச் சொன்னான். ஒதுங்கி நின்று, ஒவ்வொரு மரத்துக்கும் பேர் சொல்லிக்கொண்டே வந்தாள். இருபது மரம் வரை சொன்னாள். அதற்குப் பிறகு அவள் நாக்கைவிட மெஷின் வேகமாகப் போயிற்று.

விழுந்த மரங்களின் கிளைகளைத் தறித்தார்கள். தறித்த இடத்தில் பால் வந்தது. செல்லையாவின் மேற்கிளையிலிருந்து அடர்த்தியாக, வெள்ளையாகச் சொட்டிற்று. கீழே, அவள் பூசிய பட்டை மட்டும் கருவாடு மாதிரி இருந்தது. மேலே எல்லாம் பால் இருந்திருக்கிறது.

கன்னையா பக்கத்தில் வந்து நின்றார்.

"உசுரு இருந்திருக்கு மருதாயக்கா. ஒரு வருஷம் விட்டிருந்தா..."

"தெரியும் கன்னையா."

தர்மிளா மரம் கடைசி. அது விழுந்தபோது அடியிலும் நுனியிலும் பால் பீறிட்டது. மெஷின்காரன் திரும்பி அவளைப் பார்த்து, "அனே, ஹொந்த கஹக் னே" என்றான். நல்ல மரமாயிற்றே என்று அவனுக்கே பாவமாக இருந்தது. மருதாயி பழக்கதோஷத்தில் ஒரு சிரட்டையை வெட்டுக்கு அடியில் வைத்தாள். நிறைந்தது. எடுத்துப் போய்க் கொடுக்க, பால் கொட்டிலை முந்தின நாளே மூடியிருந்தார்கள்.

மறுநாள் சாயங்காலம் மொட்டை மேட்டில் ஏறினாள். மரம் இல்லாமல் சிக்னல் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான். நாலு கோடும் முழுசாக இருந்தது. கீழ்க்கணக்குக்காரர்கள் சொன்னது சரியாகப் போனதில் அவளுக்குக் கொஞ்சம் எரிச்சல். அடிக்கட்டையில் உட்கார்ந்து மகளை அழைத்தாள்.

"அம்மா, சாப்பிட்டீங்களா? ரெண்டு நிமிசந்தான் இருக்கு, சொல்லுங்க."

"மலைய வெட்டிட்டாங்கடி."

"ஐயோ. ஏன்?"

"நான்தான். மருந்தைக் கூடப் பூசி பூசிக் காய வச்சிட்டேன். ஐயா கூடப் பூசாதேன்னு சொன்னாரு. தெரிஞ்சே பூசினேன்."

மறுமுனையில் தர்மிளா வெடித்தாள்.

"உங்களுக்குப் புத்தி இருக்கா? இல்ல, கேக்குறேன். முப்பது வருசம் பால் வெட்டின பொம்பளை, கூடப் போட்டா காயும்னு தெரியாதா? ஒரு பரிசுக்காகவா? அந்தக் குக்கரைக் கட்டிக்கிட்டு அழு. அப்பா பேரு வச்ச மரத்துக்குமா பூசினே? நீயெல்லாம்..."

நீங்க என்பது நீ ஆகிவிட்டது தர்மிளாவுக்குத் தெரியவில்லை. மருதாயிக்குத் தெரிந்தது. போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். கண்ணில் நீர் வந்தது, துடைக்கவில்லை. இரண்டு நிமிஷம் ஐந்தாயிற்று.

"எனக்கும் வேற யாரு இருக்கா, திட்டுறதுக்கு" என்று தர்மிளா மூச்சு வாங்கினாள். குரல் தணிந்தது. "சரிம்மா, அழாதீங்க. நாங்க மட்டும் என்ன? இங்கயும் அதே கூத்துதான். மணிக்கு எழுபது பீஸ் இருந்துச்சு, போன மாசம் எண்பது, இப்ப தொண்ணூறு. கைவலிக்கு ஒரு குளிசை, முழிச்சிருக்க ஒரு மாத்திரைன்னு போட்டுக்கிட்டுத்தான் ஓடுது. லைன்ல எல்லாரும் போடுறாங்க."

மருதாயி எழுந்து நின்றுவிட்டாள்.

"என்ன குளிசை?"

"சும்மா குளிசைதாம்மா."

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"முந்தி ஒண்ணு. இப்ப..."

"லீவைப் போட்டுட்டு வா. வந்து படு. ஒண்ணும் செய்யாம படுத்துக் கிட."

"இந்த டார்கெட் முடியட்டும்மா. போயா லீவுக்குப் பாக்குறேன்."

"அது முடியிற சாமான் இல்லடி."

அந்தப் பக்கம் மணி அடித்தது. "வைக்கிறேம்மா" என்றாள். வைத்துவிட்டாள்.

மருதாயி இறங்கி வந்தாள். ஏழு மணி ஆகியிருந்தது. கன்னையா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து எதையோ இழுக்கிற சத்தம் கேட்டதாகக் கன்னையாவின் மனைவி பிறகு சொன்னாள். அவள் எழுந்து வந்து கேட்கவில்லை.

அடுத்த நாள் முதல் பஸ்ஸுக்கு மருதாயி ரோட்டில் நின்றாள். இடுப்பில் துணிப்பை, காலடியில் பிரிக்காத குக்கர் பெட்டி. பெட்டி பெரிதென்று கொண்டக்டர் பின்னால் போடச் சொன்னான். மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று பிடிவாதமாக ஏறிக்கொண்டாள். கடை திறக்க வந்த கபூர் நானா, "எங்க புள்ள, குக்கரோட?" என்று கேட்டாராம்.

"மகளுக்கிட்ட. போர்டிங்ல ஏழு பேர் இருக்காளுக. கரண்ட் நல்லா இருக்குமாம்."

"எப்ப வருவே?"

"மகள் படுத்து எழும்புனதும்" என்றாளாம். அது எத்தனை நாள் என்று நானாவுக்கும் விளங்கவில்லை, கீழ்க்கணக்குக்கும் இதுவரை விளங்கவில்லை. அங்கே போனவளால் மகளைப் படுக்க வைக்க முடிந்ததா என்பதும் தெரியாது. மேட்டில் சிக்னல் இருக்கிறது. ஏறிப் போய்ப் பேசத்தான் ஆள் இல்லை.

லயத்தில் இப்போது பதினொரு பூட்டு. மருதாயியின் காம்பரா பூட்டிய அன்று கன்னையா பழக்கத்தில் ஒன்பதாம் நம்பர் மலைப் பக்கம் நடந்து போனார். போய், கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்தார். அவள் பேரை வைக்க அங்கே மரம் இல்லை.